வில்லனைக் கொல்வதா? பிள்ளைகளோடு சூப்பர் ஹீரோ கதை எழுதுவது எப்படி

"கொன்னுரணும் சேர். உசுரோட விட்டா திரும்பி வந்துருவான்."

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், கோயிலை ஒட்டிய மண்டபத்தில், சனிக்கிழமை பின்னேரங்களில் பிள்ளைகளோடு கதை எழுதுகிறேன், நாடகம் போடுகிறேன். ஒன்பது வருடமாகிறது. தரம் 6 தொடக்கம் தரம் 9 வரை படிக்கிறவர்கள் பன்னிரண்டு, பதினைந்து பேர் வருவார்கள். எல்லோருக்கும் சூப்பர் ஹீரோ கதைதான் வேண்டும். மூன்றாவது வாரத்துக்குள் மேலே இருக்கிற வரி யாராவது ஒரு பிள்ளையின் வாயிலிருந்து வந்துவிடும். உடனே இன்னொரு பிள்ளை, "பேட்மேன் கொல்ல மாட்டாருதானே சேர்?" என்று எழும்பும். அவ்வளவுதான், மண்டபம் இரண்டாகப் பிரிந்துவிடும்.

முதல் இரண்டு வருடம் நான் கையைத் தட்டி அடக்கிவிட்டு, "கொலை தப்பு, ஹீரோ கொல்லக்கூடாது" என்று தீர்ப்புச் சொன்னேன். பிள்ளைகளும் தலையாட்டினார்கள். எல்லாக் கதையிலும் வில்லனைப் பிடித்துப் பொலிசில் கொடுத்தார்கள். பதினைந்து கொப்பியிலும் ஒரே முடிவு, ஒன்றிலும் உயிரில்லை. அதற்குப் பிறகு எங்களுக்குக் கைகொடுத்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். பாடசாலையில் நாடகம் பழக்குகிறவர்கள், அறநெறி வகுப்பு எடுக்கிறவர்கள், வீட்டில் பிள்ளையோடு உட்கார்ந்து படக்கதை வரைகிற அப்பா அம்மா, யாரும் செய்து பார்க்கலாம்.

வழி இதுதான். கொல்லலாமா கூடாதா என்று முதலில் கேட்காதீர்கள். வில்லன் செத்த பிறகு வருகிற காட்சியை எழுதச் சொல்லுங்கள். அதை எழுதி முடித்த பிள்ளை, கொல்வதா வேண்டாமா என்று தானே சொல்லும்.

ஆயத்தம்

பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஆளுக்கு ஒரு கொப்பி, பென்சில், உட்காரப் பாய், இரண்டு மணித்தியாலம். நடுவில் ஒரு பிளேன்டீயும் ரொட்டித் துண்டும் இருந்தால் நல்லது, பசியோடு இருக்கிற பிள்ளை யாரையும் மன்னிக்காது. யாரிடமாவது ஒரு தப்பு, அதாவது பறை மேளம், இரவல் வாங்க முடிந்தால் வாங்கி வையுங்கள். அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

முதலில், நடந்ததைச் சொல்லுங்கள்

பேட்மேன் பிறந்த நாளிலிருந்தே கொல்லாதவர் என்றுதான் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அங்கேயே தொடங்குங்கள். 1939இல் பேட்மேன் வந்த முதல் கதையிலேயே, அவர் விட்ட குத்தில் வில்லன் அமிலத் தொட்டிக்குள் விழுந்து சாகிறான். பேட்மேன் அதற்காக வருத்தப்படவும் இல்லை. 1940இல், விமானத்தில் பொருத்திய இயந்திரத் துப்பாக்கியால் அவர் சுடுகிற கதை ஒன்று வந்தது. அதன் பிறகுதான் பதிப்பாசிரியர் விட்னி எல்ஸ்வொர்த், இனிமேல் பேட்மேன் கொலை செய்யக்கூடாது, துப்பாக்கியும் தூக்கக்கூடாது என்று கட்டளை போட்டார்.

அந்த இயந்திரத் துப்பாக்கிக் கதை வந்த அதே இதழில்தான் ஜோக்கர் முதன்முதலாக வந்தான். இதழின் முடிவில் அவன் சாவதாகத்தான் எழுதியிருந்தார்கள். இவ்வளவு நல்ல வில்லனை ஏன் வீணாக்க வேண்டும் என்று எல்ஸ்வொர்த்துக்குத் தோன்ற, அவன் பிழைத்துவிட்டதாகக் கடைசியில் ஒரு கட்டம் சேர்த்தார்கள். அந்த ஒரு கட்டத்தின் தயவில் ஜோக்கர் எண்பது வருடத்துக்கு மேலாக உயிரோடு இருக்கிறான்.

இதைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். ஜோக்கர் சாகாமல் இருப்பதற்குப் பேட்மேனின் நல்ல மனம் மட்டும் காரணமில்லை, அடுத்த இதழும் விற்க வேண்டியிருந்தது. பிள்ளைகளுக்கு இது உடனே புரியும். வில்லன் உயிரோடு இருப்பதும் சாவதும் யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து எடுக்கிற முடிவு என்று தெரிந்தவுடன், அந்த மேசையில் தாங்களும் உட்காரலாம் என்கிற தைரியம் வந்துவிடுகிறது.

அப்புறம் 1988இன் கதை. சொல்வதற்கு முன் கை தூக்கச் சொல்லுங்கள்: பேட்மேனோடு கூட வருகிற ராபின் சாகலாமா, பிழைக்கலாமா? எண்ணி எழுதி வைத்துக்கொண்டு, பிறகு சொல்லுங்கள். அந்த வருடம் அமெரிக்காவில் பதிப்பகம் இரண்டு தொலைபேசி இலக்கங்களைக் கொடுத்து, ராபினின் விதியை வாசகர்களையே தீர்மானிக்கச் சொன்னது. சாக வேண்டும் என்று 5,343 அழைப்பு, பிழைக்க வேண்டும் என்று 5,271 அழைப்பு. வித்தியாசம் 72. எங்கள் மேல் லயத்தில், அந்த ஒரு வரிசை வீடுகளில், இருக்கிற சனமே அதைவிடக் கூட. ராபின் செத்தான். அவனைக் கொன்ற ஜோக்கர் அப்போதும் சாகவில்லை.

இந்த இடத்தில் கட்டாயம் ஒரு பிள்ளை கேட்கும்: "ஒவ்வொரு தடவையும் ஜெயில்ல இருந்து தப்பிச்சு வந்து ஆளக் கொல்றானே, அப்ப அந்தச் சாவெல்லாம் பேட்மேன் கணக்குதானே சேர்?" இது நல்ல கேள்வி. சிரித்துத் தட்டிவிடாதீர்கள். நான் திருப்பிக் கேட்பது, "ஜெயில் கதவு யார் கையில் இருக்கிறது?" பிடித்துக் கொடுப்பது வரைதான் பேட்மேனின் வேலை. கதவைப் பூட்டத் தெரியாத ஊர் ஒன்று இருக்கிறது, அதன் பாரத்தையும் ஒருவன் தோளில் ஏற்றிவிட்டு, "நீயே கொன்றுவிடு" என்று அந்த ஊர் ஒதுங்கிக்கொள்வது சரியா?

பெரிய பிள்ளைகள் என்றால் நம் நாட்டுக் கதையையும் சேர்த்துச் சொல்லலாம். கண்டி போகம்பறைச் சிறைக்குள் தூக்குமேடை இருந்தது. இலங்கையில் கடைசியாக ஒருவரைத் தூக்கிலிட்டது 1976இல். அதற்குப் பிறகும் நீதிமன்றங்கள் மரண தண்டனை விதிக்கின்றன, ஆனால் கயிறு இறங்கவில்லை. 2019இல் மறுபடியும் தூக்கு என்று பேச்சு எழுந்தபோது உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. சட்டமும் நீதிபதியும் மேன்முறையீடும் உள்ள ஒரு நாடே கையைப் பின்னுக்கு இழுக்கிற வேலை இது. அதை முகமூடி போட்ட ஒருவர் இரவில் தனியாக ஒரு நொடியில் செய்யலாமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த கட்டத்துக்குப் போங்கள்.

'முற்றும்' என்ற சொல்லை அடியுங்கள்

மன்மதன் எரிந்த கதையை ஆடுகிற எங்கள் மலையகக் காமன் கூத்தில், அவன் மனைவி ரதியாக வேசம் கட்டினவர் என் அப்பா. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றினால், பௌர்ணமி வரைக்கும் எங்கள் தோட்டத்தில் இரவில் தப்புச் சத்தம் ஓயாது. அம்மாவின் கூறைச்சேலையைக் கட்டிக்கொண்டு, முகத்துக்கு அரிதாரம் பூசி, வீட்டு முன் இஸ்தோப்பில் குப்பி விளக்கு வெளிச்சத்தில் கண்ணுக்கு மை எழுதிக்கொண்டு அப்பா உட்கார்ந்திருப்பார். அவரைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கும்.

சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மன்மதனை எரிக்கிற கட்டம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். காய்ந்த மானாப்புல்லில் தீ குபீரென்று எழும், பிள்ளைகள் கத்துவோம், அடங்கிவிடும். அதற்குப் பிறகுதான் அப்பாவின் வேலை. தப்படி மாறும். வேகம் குறைந்து குறைந்து, ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் அப்பா மூச்சு இழுப்பது கேட்கும். சாம்பலைக் கையில் அள்ளி நெஞ்சில் பூசிக்கொண்டு புலம்பத் தொடங்குவார். ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாது. பனி இறங்கிக்கொண்டிருக்கும், ஒருவர்கூட எழும்பிப் போக மாட்டார்கள். கம்பளியைத் தலையோடு போர்த்திய பெண்கள் அவரவர் பறிகொடுத்தவர்களை நினைத்து அழுவார்கள். சின்ன வயதில் ஒருநாள் கேட்டேன், "அப்பா, மன்மதன் அப்பிடி என்ன தப்புச் செஞ்சான்?" முகத்தைத் துடைத்துக்கொண்டே, "தேவருங்க போகச் சொன்னாங்க, போனான்" என்றார்.

எரிப்பதற்கு ஐந்து நிமிடம், அழுவதற்கு ஒரு மணித்தியாலம். இந்தக் கணக்கைப் பிள்ளைகளின் கதையில் தேடிப் பாருங்கள். சண்டை ஆறு பக்கம் இருக்கும். வில்லன் வெடித்துச் சிதறுவான். அடுத்த வரியிலேயே 'முற்றும்' என்று பெரிய எழுத்தில் போட்டு, இரண்டு கோடு கிழித்து, ஒரு பூவும் வரைந்திருப்பார்கள். நீங்கள் செய்ய வேண்டியது அந்த 'முற்றும்' என்ற சொல்லைப் பென்சிலால் மெல்ல அடித்துவிட்டு, "இன்னும் ஒரு பக்கம்" என்று சொல்வதுதான்.

அந்தப் பக்கத்துக்கு நான் வைத்திருக்கிற விதிகள் கொஞ்சம்தான். அதே இடம், மறுநாள் காலை. வில்லனை வீட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த ஒருவர் அங்கே வர வேண்டும். ஹீரோவும் அங்கே நிற்க வேண்டும், பறந்து போய்விடக்கூடாது. யாரும் நியாயம் பேசக்கூடாது. எழுதும்போது இரவல் வாங்கிய தப்பில் யாரையாவது மெதுவாக அடிக்கச் சொல்லுங்கள், வேகம் வேண்டாம். இது வீண் அலங்காரம் என்று நினைத்துத்தான் நானும் தொடங்கினேன். ஆனால் அந்த அடி கேட்டால் பிள்ளைகளின் கை தானாகவே நிதானமாகிறது.

போன வருடம் தரம் 8 படிக்கிற ஒரு பையன் எழுதிய கதையைச் சொல்கிறேன். ஹீரோவின் பெயர் மின்னல் கண்ணன். வில்லன் மண்ணரசன், அவனிடம் மலையைச் சரிய வைக்கிற இயந்திரம் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு வேறு எந்த வில்லன் வருவான்? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியபோது இவர்கள் கைக்குழந்தைகள். ஆனால் மழை விடாமல் பெய்கிற ஒவ்வொரு இரவும் வீட்டில் பெரியவர்கள் அந்தப் பெயரைச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள். இந்தப் பையனின் அம்மாவுக்கும் அந்தப் பக்கம்தான் ஊர்.

மின்னல் கண்ணன் இயந்திரத்தை மண்ணரசன் பக்கமே திருப்பிவிடுகிறான். மலை சரிந்து மண்ணரசன் புதைந்து போகிறான். முற்றும். நான் அடித்தேன். பையன் பென்சிலைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுதி வாசித்தான்: "மறுநாள் மழை விட்டிருந்தது. ஒரு அம்மா வந்து கையாலேயே மண்ணைத் தோண்டினார். யாரைத் தேடுறீங்க என்று மின்னல் கண்ணன் கேட்டான். தம்பியை என்றார். எத்தனை பேர் உள்ளே என்று கேட்டான். ஒரு ஆள்தான், என் மகன் என்றார்."

தப்படித்துக்கொண்டிருந்த பிள்ளை தானாகவே நிறுத்திவிட்டாள்.

அமெரிக்கப் படக்கதைகளிலும் இந்தப் பக்கத்தை எழுதியவர்கள் இருக்கிறார்கள். 1988இல் வந்த ஒரு கதையில், ஓர் உலகத்தையே அழித்துவிட்ட மூன்று பேரைச் சூப்பர்மேன் தன் கையாலேயே கொல்கிறார். கதை அதோடு நிற்கவில்லை. அந்தப் பாரம் தாங்காமல் தடுமாறி, தன்னால் மற்றவர்களுக்கு ஆபத்து என்று பயந்து, பூமியை விட்டே போய்விடுகிறார். நம் கம்பரும் இராவணன் விழுந்தவுடன் எழுத்தாணியைக் கீழே வைக்கவில்லை. மண்டோதரி வந்து, அவன் உடல்மேல் விழுந்து புலம்பி, அங்கேயே உயிர் விடுகிறாள். நுவரெலியாவிலிருந்து ஹக்கலைக்குப் போகிற வழியில் சீதா எலிய கோயிலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள், சீதை இருந்த இடம் என்று காட்டிவிட்டு மண்டோதரியையும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு கேட்க வேண்டியவை

காட்சியை எழுதின பிறகு பேசலாம். இப்போது சத்தம் குறைந்திருக்கும். வில்லன் விழுந்து கிடந்தானா, நின்று அடித்துக்கொண்டிருந்தானா என்று கேளுங்கள். இது முக்கியமான வித்தியாசம். ஒரு குழந்தையின் கழுத்தில் கத்தி இருக்கிறது, வேறு வழியே இல்லை, அந்த நொடியில் ஹீரோ அடித்த அடியில் வில்லன் செத்தால் அவனை நான் குற்றம் சொல்ல மாட்டேன். கத்தியைப் பறித்த பிறகு கொன்றால் அது வேறு. ஆயுதம் எல்லாம் இழந்து நின்ற இராவணனிடம் இராமன் "இன்று போய் நாளை வா" என்றது அந்தக் கோட்டில் நின்றுதான். பலம் உள்ளவனுக்கு வழியும் அதிகம். மலையைத் தூக்குகிறவன் "எனக்கு வேறு வழி இருக்கவில்லை" என்று சொன்னால் அதை லேசில் நம்பக்கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

அடுத்து, ஆள் மாறியிருந்தால்? கதையில் வில்லனுக்குக் கறுப்புச் சட்டையும் கெட்ட சிரிப்பும் கொடுத்துவிடுகிறோம், அதனால் இந்தக் கேள்வி யாருக்கும் வருவதில்லை. எனக்குப் பதினேழு வயதில் தோட்டத்துக் கோயில் உண்டியல் களவு போனது. பணிய லயத்தில் ஒரு இளந்தாரிமேல் எல்லோருக்கும் சந்தேகம். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவுக்கு முன்னால் இருந்த கம்பத்தில் கட்டி வைத்து அடித்தார்கள். கயிறு எடுத்துக் கொடுத்தது நான். எடுத்துக் கொடுக்கும்போது நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது, கெட்டவனைப் பிடித்துவிட்டோம் என்று. எட்டாவது நாள் உண்மையாக எடுத்தவன் பிடிபட்டான். கட்டி வைத்து அடித்தவருக்கு வலது காது இன்றைக்கும் சரியாகக் கேட்காது. என்னைக் கண்டால் இப்போதும் நின்று, இடது பக்கமாகத் திரும்பி, "சுகமா தம்பி" என்று கேட்பார். அன்றைக்கு யாராவது ஒருவர் இன்னும் ஓங்கி அடித்திருந்தால், அந்தக் குரலைக் கேட்க எனக்குக் கொடுத்து வைத்திருக்காது. பிள்ளைகளுக்கு இதை நான் ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன். உங்களிடமும் இப்படி ஒரு கயிறு இருக்கும். அதைச் சொல்லுங்கள்.

சூரனைக் காட்டுங்கள்

கொல்வது, பொலிசில் கொடுப்பது, இந்த இரண்டைத் தவிர வேறு முடிவே இல்லையா என்று பிள்ளைகள் திணறும்போது கந்தசஷ்டியை ஞாபகப்படுத்துங்கள். சூரன் போர் பார்க்காத பிள்ளை இங்கே குறைவு. யானைத் தலை, சிங்கத் தலை என்று மாற்றி மாற்றி வைத்துச் சூரன் ஓடி வருவான், பிள்ளைகள் தோளில் ஏறிப் பார்ப்பார்கள். கடைசியில் மாமரமாக நிற்கிற சூரனை வேல் பிளக்கிறது. ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல். முருகன் ஒன்றில் ஏறிக்கொள்கிறார், இன்னொன்றைக் கொடியில் வைத்துக்கொள்கிறார். பெயர் சூரசம்ஹாரம், ஆனால் அழிந்தது அவன் ஆணவம்தான்.

இதை வைத்து எழுதச் சொன்னால் சில பிள்ளைகள் வில்லனை ஒரே வரியில் திருத்திவிடுவார்கள், "நான் இனிமேல் நல்லவன்" என்று. அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். மயில் சும்மா இருக்கவில்லை, காலமெல்லாம் சுமக்கிறது. உங்கள் வில்லன் எதைச் சுமக்கப் போகிறான் என்று கேளுங்கள். ஒரு பிள்ளை எழுதினாள், ஆற்றுத் தண்ணீரில் நஞ்சு கலந்த வில்லன் தினமும் காலையில் முதல் குவளைத் தண்ணீரைத் தானே குடித்துக் காட்ட வேண்டும் என்று. எந்தப் பதிப்பகத்துக் கதையிலும் இதைவிட நல்ல தண்டனையை நான் வாசித்ததில்லை.

ஒரு பிள்ளை விடாமல் நின்றால்

எல்லாக் காட்சியும் எழுதிய பிறகும், "இல்ல சேர், அவன் சாகணும்" என்று நிற்கிற பிள்ளை இருக்கும். கதைக்காக நின்றால் விட்டுவிடுங்கள், அது அந்தப் பிள்ளையின் கதை. ஆனால் கவனமாக வாசியுங்கள். வில்லன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறானா? அவனிடம் கசிப்புச் சாராய வாசம் அடிக்கிறதா? இரவில் கதவைத் தட்டுகிறானா? அப்படி ஒரு கதை வந்தால் அங்கே வாதம் பண்ணாதீர்கள், மற்றவர்கள் முன்னால் வாசிக்கவும் சொல்லாதீர்கள். மன்னிப்பைப் பற்றி ஒரு சொல்லும் பேச வேண்டாம். வகுப்பு முடிந்த பிறகு கொப்பி அடுக்குவதற்கு உதவச் சொல்லிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிள்ளை பேசினால் கேளுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. அதை மண்டபத்துச் சுவரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது கதை முடிவு இல்லை, பெரியவர் ஒருவர் எழும்பி வர வேண்டும்.

மேடை ஏற்றும்போது

சண்டையைச் சுருக்குங்கள். எவ்வளவு சொன்னாலும் பையன்கள் சண்டையைத்தான் நீட்டுவார்கள், நேரம் பார்த்து வெட்டிவிடுங்கள். மறுநாள் காலைக் காட்சிக்கு விளக்கை மங்கலாக்காதீர்கள், டியூப் லைட் எல்லாம் எரியட்டும். ஹீரோவின் முகம் தெரிய வேண்டும். பாட்டுப் போட வேண்டாம்.

மண்ணரசன் கதையைத் திருவிழாவில் போட்டோம். அம்மாவாக நடித்த பிள்ளை தன் பாட்டி கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கைக் கட்டிக்கொண்டு வந்தாள். முடிவை எழுதப் பையனுக்கு இரண்டு வாரம் பிடித்தது. மின்னல் கண்ணன் முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு அவனும் தோண்டுகிறான். அவ்வளவுதான் எழுதியிருந்தான். வில்லன் உயிரோடு கிடைத்தானா இல்லையா என்று இல்லை. கேட்டேன், தெரியவில்லை என்றான். சரி, அப்படியே போடுவோம் என்றேன்.

நாடகம் முடிந்து, மண்டபத்துக்குப் பின்னால் பையன் முகத்துப் பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தான். மேல் லயத்துப் பாட்டி ஒருவர் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து அவன் கையைப் பிடித்தார்.

"மகன், அந்தப் பய கெடச்சானா?"

பையன் என்னைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்து, "இன்னும் தோண்டுறோம் பாட்டி" என்றான்.